குத்தகைக்காரர் கையில் தோப்பு: ஆந்த்ரேயா ராட்ரிட்சானியும் லீட்ஸ் யுனைடெட்டும்

2023 மே 28 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கால்பந்துக் கழகம் பிரீமியர் லீகிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. தோல்வி அந்நகரத்துக்குப் புதிதன்று. ஆனால் அடுத்த சில வாரங்களுக்குள் வெளியான இன்னொரு செய்தி ரசிகர்களை உலுக்கியது. கழகத்தின் உரிமையாளர் ஆந்த்ரேயா ராட்ரிட்சானி இத்தாலியில் சம்ப்டோரியா என்னும் வேறொரு கழகத்தை வாங்க முயன்றுகொண்டிருந்தார். அதற்கான கடனுக்கு லீட்ஸின் மைதானமான எல்லண்ட் ரோடை ஈடாகக் காட்ட அவர் முன்வந்திருந்தார் என்று ஆங்கில நாளிதழ்கள் எழுதின. அடுத்த மாதமே கழகமும் மைதானமும் வேறு கைக்கு மாறின; ஈடு பற்றிய பேச்சும் அத்துடன் அடங்கியது. கேள்வி மட்டும் அடங்கவில்லை. நூறாண்டுக்கும் மேலாக ஒரு நகரம் கூடிவரும் இடத்தை, வேறொரு நாட்டில் வேறொரு கழகத்தை வாங்குவதற்காக ஒருவர் அடகுக்கு நீட்ட முடியும் என்றால், அந்த இடம் யாருடையது?

இக்கேள்வியை ஒரு தனிமனிதரின் நல்லொழுக்கம் பற்றிய வழக்காகச் சுருக்கிவிடுவது எளிது, பயனற்றதும்கூட. ராட்ரிட்சானி லீட்ஸுக்கு வாய்த்த மோசமான உரிமையாளர் அல்லர். அவருக்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அவரே மேலானவர் என்று வாதிட இடமுண்டு. அவருடைய தொழில் வாழ்க்கை ஆய்வுக்குரியதாவது வேறொரு காரணத்தால். விளையாட்டு ஒளிபரப்பு உரிமங்களை வாங்கி விற்கும் தொழிலில் வளர்ந்த ஒரு மனம், ஒரு கழகத்தை எப்படிப் பார்க்கும், எதைச் செம்மையாகச் செய்யும், எங்கே தடுக்கி விழும் என்பதை அவ்வாழ்க்கை துலக்கமாகக் காட்டுகிறது.

1974இல் மிலான் நகருக்கு அருகில் பிறந்த ராட்ரிட்சானி, 2004இல் ரிக்கார்தோ சில்வாவுடன் சேர்ந்து எம்பி அண்ட் சில்வா நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இந்நிறுவனத்தின் வேலையைப் புரிந்துகொள்ள மாந்தோப்புக் குத்தகை நல்ல உவமை. தோப்பு ஒருவருடையது, மரம் நட்டவர் இன்னொருவராக இருக்கலாம். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே விளைச்சலுக்கு ஒரு தொகை பேசி, முன்பணம் கொடுத்து, காயைப் பறித்துப் பல சந்தைகளில் பிரித்து விற்பவர் குத்தகைக்காரர். இத்தாலியின் சீரி ஆ உள்ளிட்ட போட்டித் தொடர்களின் வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமத்தைச் சில ஆண்டுகளுக்கு மொத்தமாக எடுப்பது, நாடு நாடாகத் தொலைக்காட்சிகளுக்குப் பிரித்து விற்பது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான தொகையில் வாழ்வது என்பதே இத்தொழிலின் சாரம். இதில் திறமை வேண்டும், துணிவும் வேண்டும். எந்த நாட்டில் பார்வையாளர் பெருகுவார்கள் என்பதை மற்றவர்களுக்கு முன்பே கணிக்க வேண்டும். ஆனால் கையில் நிலையாக எதுவும் இருக்காது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் தோப்பு மீண்டும் ஏலத்துக்குப் போய்விடும்.

ஆகவே இத்தொழிலின் தலையாய கலை, வெளியேறும் நேரத்தைத் தேர்வது. 2016இல் எம்பி அண்ட் சில்வாவின் 65 விழுக்காட்டுப் பங்கைச் சீன முதலீட்டாளர்கள் வாங்கினர். நிறுவனத்தின் மதிப்பு நூறு கோடி டாலருக்கு மேல் என்று அப்போது செய்திகள் கூறின. 2017 அக்டோபரில் சீரி ஆவின் வெளிநாட்டு உரிமத்தை ஐஎம்ஜி நிறுவனம் ஏலத்தில் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு எம்பி அண்ட் சில்வா பல தரப்பினருக்கும் தவணை செலுத்த இயலாமல் திணறியது. 2018 அக்டோபரில், பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பு தொடுத்த மனுவின்பேரில் லண்டன் உயர் நீதிமன்றம் அதை மூட ஆணையிட்டது. இரண்டே ஆண்டுகளில் நூறு கோடி டாலர் நிறுவனம் வெறும் பெயராயிற்று. அதற்கென்று மண்ணோ மரமோ இருக்கவில்லை. காகிதத்தில் காலவரையறை கொண்ட உரிமைகளே இருந்தன. ராட்ரிட்சானி அதற்கு முன்பே 2015இல் ஆசெர் என்னும் முதலீட்டு நிறுவனத்தையும், இலெவன் ஸ்போர்ட்ஸ் என்னும் ஒளிபரப்பு நிறுவனத்தையும் நிறுவிவிட்டார். பெல்ஜியம், போலந்து, போர்ச்சுகல், தைவான் எனப் பல சந்தைகளில் இயங்கிய இலெவன் நிறுவனமும் 2023 தொடக்கத்தில் டாசோன் நிறுவனத்துக்குக் கைமாறியது.

இத்தகைய அனுபவத்தோடு அவர் 2017 ஜனவரியில் லீட்ஸ் யுனைடெட்டின் பாதிப் பங்கையும், அதே ஆண்டு மே மாதத்தில் மாசிமோ செல்லினோவிடமிருந்து மீதிப் பங்கையும் வாங்கினார். 1919இல் தோன்றிய அக்கழகம் 1969, 1974, 1992 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் சாம்பியன். 2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதி வரை சென்றது. அதே காலத்தில் அதன் நிர்வாகம் வருங்கால நுழைவுச்சீட்டு வருவாயை ஈடாக வைத்து 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கியது. ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவோம் என்ற கணக்கு பொய்த்தபோது வீரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டனர். 2004இல் கழகம் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அதே ஆண்டில் எல்லண்ட் ரோடும் பயிற்சித் திடலும் விற்கப்பட்டன. 2007இல் கடனாளர் நிர்வாகத்தின் கீழ்ச் சென்று மூன்றாம் பிரிவு வரை வீழ்ந்தது. சொந்த மைதானத்தில் வாடகைக்கு இருக்கும் நிலையோடுதான் அது ராட்ரிட்சானியின் கைக்கு வந்தது.

அவர் செய்த முதல் பெருஞ்செயல், 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எல்லண்ட் ரோடைத் திரும்ப வாங்கியது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மைதானம் மீண்டதை நகரம் கொண்டாடியது. கொண்டாட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருந்தது. மைதானத்தை வாங்கியது கழகம் அன்று. ராட்ரிட்சானியின் முதலீட்டு அமைப்பைச் சேர்ந்த ஒரு நிறுவனம். அதாவது தோப்பு ஊருக்குத் திரும்பவில்லை, புதிய உரிமையாளரின் பட்டாவுக்குப் போனது. 2023இல் ஈடு பற்றிய செய்தி எழ முடிந்ததற்கான விதை இந்த 2017 ஆவணத்தில் இருக்கிறது.

அடுத்த பெருஞ்செயல், 2018 ஜூனில் அர்ஜென்டினாவின் மார்செலோ பியெல்சாவைப் பயிற்சியாளராக அமர்த்தியது. இரண்டாம் பிரிவின் நடுவில் கிடந்த ஒரு கழகம் உலகப் புகழ் வாய்ந்த, ஆனால் கணிக்கவே இயலாத ஒருவரை அழைத்தது துணிவான முடிவு. 2020 ஜூலையில், பெருந்தொற்றால் காலியாகக் கிடந்த அரங்குகளில், லீட்ஸ் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. முதல் பருவத்திலேயே ஒன்பதாம் இடம் பிடித்தது. இதில் உரிமையாளரின் பங்கை மறுப்பது நேர்மையாகாது. மதிப்புக் குறைத்து எடைபோடப்பட்ட ஒன்றை இனங்கண்டு, அதில் பணம் வைத்து, அதன் மதிப்பை உயர்த்துவது உரிம வணிகரின் தனித்திறன். அத்திறன் இங்கே ஒரு நகரத்துக்கு மகிழ்ச்சியாக விளைந்தது.

அதே மனப்பாங்கின் மறுபக்கமும் தொடக்கத்திலேயே தெரிந்தது. 2018 ஜனவரியில் கழகத்தின் நூற்றாண்டை முன்னிட்டுப் புதிய சின்னம் ஒன்று வெளியிடப்பட்டது. மார்பில் கைவைத்து வணங்கும் ஓர் உருவம் அதில் இருந்தது. பத்தாயிரம் பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டதாகக் கழகம் சொன்னது. சில நாட்களுக்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டனர், சின்னம் பின்வாங்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், ரோஹிங்யா மக்கள் துரத்தப்பட்டுக்கொண்டிருந்த மியான்மருக்கு அணி காட்சிப் போட்டிகள் ஆடச் சென்றது. மனித உரிமை அமைப்புகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கண்டித்தனர். ராட்ரிட்சானி பயணத்தை ஆதரித்து வெளிப்படைக் கடிதம் எழுதினார். பியெல்சாவின் முதல் பருவத்தை அவருடைய இலெவன் நிறுவனமே ஆவணத் தொடராக எடுத்து அமேசான் வழியே வெளியிட்டது. இம்மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாகத் தோன்றலாம். மூன்றிலும் கழகம் என்பது சந்தைக்குச் சந்தை கொண்டுசெல்லத்தக்க காட்சிப் பொருள். சின்னம் அதன் உறை, ஆசியா அதன் புதிய சந்தை, தோல்வியும் கண்ணீரும்கூட அதன் கதைப்பொருள். ரசிகர்கள் சின்னத்தை எதிர்த்தபோது அழகுணர்ச்சிக்காக மட்டும் எதிர்க்கவில்லை. தாத்தாவின் மேற்சட்டையில் இருந்தது பேரனின் மேற்சட்டையிலும் இருக்க வேண்டும் என்னும் தொடர்ச்சிக்காக எதிர்த்தனர்.

இன்னும் கூர்மையான முரண் 2018 இலையுதிர்காலத்தில் வெளிப்பட்டது. பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்துப் போட்டிகளை நேரலையாக ஒளிபரப்பக் கூடாது என்றொரு நெடுநாள் தடை உண்டு. பெரிய போட்டிகளைத் தொலைக்காட்சியில் காட்டினால் சிறிய, கீழ்ப்பிரிவுக் கழகங்களின் மைதானங்கள் காலியாகிவிடும் என்ற அச்சமே அதன் அடிப்படை. ஸ்பெயின், இத்தாலித் தொடர்களின் பிரிட்டன் உரிமத்தைப் பெற்றிருந்த இலெவன், தடை காலங்கடந்தது என்று வாதிட்டு அந்நேரத்தில் போட்டிகளைக் காட்டியது. எதிர்ப்புக்குப் பின் பணிந்தது. அப்போது லீட்ஸ் இரண்டாம் பிரிவில் இருந்தது. ஆக, கீழ்ப்பிரிவுக் கழகங்களைக் காக்க ஏற்பட்ட விதியை ஒரு கையால் மீறிய அதே மனிதர், மறுகையில் அந்த விதியால் காக்கப்படும் கழகங்களுள் ஒன்றை வைத்திருந்தார். இதைத் தனிமனித இரட்டை வேடம் என்பதைவிட அமைப்பின் கோளாறு என்பதே பொருந்தும். காட்சியை விற்பவரும் காட்சிக்குரியவரும் ஒருவராக இருந்தால், எந்தக் கை எந்தக் கையோடு பேரம் பேசுகிறது என்பது யாருக்கும் தெரியாது.

பிரிட்டன் இந்தக் கேள்வியை முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறது. 1998இல் பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனம் மான்செஸ்டர் யுனைடெட்டை 623 மில்லியன் பவுண்டுக்கு வாங்க முற்பட்டது. ஒளிபரப்பு உரிமத்தை வாங்கும் நிறுவனமே அதை விற்கும் கழகங்களில் மிகப் பெரியதையும் வைத்திருந்தால் போட்டிச் சமநிலை குலையும் என்று 1999இல் அந்த விற்பனை தடுக்கப்பட்டது. அதற்கு மாறாக இத்தாலியில் பெர்லுஸ்கோனி 1986 முதல் 2017 வரை தொலைக்காட்சிப் பேரரசையும் ஏசி மிலானையும் ஒருசேர வைத்திருந்தார். அவ்விரண்டும் அவருடைய அரசியலுக்கு எப்படிப் பயன்பட்டன என்பது தனி வரலாறு. ராட்ரிட்சானி பெர்லுஸ்கோனி அளவுக்குப் பெரியவரல்லர். இலெவன் பிஸ்கைபி அளவுக்கு வலிமையானதுமன்று. சிறியதாக இருந்ததாலேயே கேள்வி கேட்கப்படாமல் கடந்துபோயிற்று.

வெளியேறும் நேரத்தைத் தேர்வது இத்தொழிலின் தலையாய கலை என்று மேலே சொல்லப்பட்டது. லீட்ஸில் அந்தக் கலை கைகொடுக்கவில்லை. அமெரிக்காவின் ஃபார்ட்டி நைனர்ஸ் முதலீட்டுக் குழு 2018 முதல் படிப்படியாகப் பங்கு வாங்கி 2021 இறுதிக்குள் 44 விழுக்காட்டை எட்டியது. முழுக் கைமாற்றத்துக்கான விலை கழகம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்திருந்தது. 2022 பிப்ரவரியில், இறக்க அச்சம் சூழ்ந்தபோது, பியெல்சா நீக்கப்பட்டார். அவர் உருவாக்கிய ஆட்ட முறை கலைந்தது. அவ்வாண்டு கடைசி நாளில் தப்பிய அணி அடுத்த ஆண்டு தப்பவில்லை. பிரீமியர் லீகில் நிலைத்திருந்தால் 400 மில்லியன் பவுண்டுக்கு மேல் மதிப்பிடப்பட்டிருக்கும் கழகம், இறங்கிய பின் சுமார் 170 மில்லியன் மதிப்பில் கைமாறியது என்று செய்திகள் கூறின. அதற்குள் அவர் கூட்டாளி ஒருவருடன் சம்ப்டோரியாவுக்குள் நுழைந்துவிட்டார். 1991இல் இத்தாலியின் சாம்பியனாக இருந்து, 2023இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, கடனில் தத்தளித்த கழகம் அது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெரிய பெயர். மீண்டும் ஒரு பூத்த தோப்பு. ஆனால் 2025இல் சம்ப்டோரியா மூன்றாம் பிரிவுக்கே இறங்கும் விளிம்பு வரை சென்று, இறுதித் தகுதிப் போட்டியில்தான் தப்பியது.

இங்கே எதிர்வாதம் ஒன்றைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். முதலீட்டாளர் வராமல் லீட்ஸ் எழுந்திருக்குமா? மைதானத்தை மீட்டவரும், பியெல்சாவை அழைத்தவரும் ரசிகர் மன்றங்களா? இக்கேள்விகள் நியாயமானவை. பணம் போட்டவருக்கு விற்கும் உரிமை வேண்டும். இல்லையேல் எவரும் பணம் போட மாட்டார். ஆனால் இந்த வாதம் நிறுவுவது ஒன்றைத்தான்: உரிமையாளருக்கு லாபமும் விலகும் வழியும் வேண்டும் என்பதை. மைதானத்தை அடகு வைக்கும் அதிகாரமும், சின்னத்தை மாற்றும் அதிகாரமும் அவருக்கு வேண்டும் என்பதை அது நிறுவவில்லை. குத்தகைக்காரர் இல்லாமல் காய் சந்தைக்குப் போகாது என்பது உண்மை. அதனால் மரத்தை வெட்டி விற்கும் உரிமையும் அவருடையது என்று எந்த ஊரும் ஒப்புக்கொள்வதில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருந்தாக வேண்டும் என்னும் விதி உண்டு. அதனால் அந்நாட்டுக் கால்பந்து முதலீடின்றி வாடிவிடவில்லை.

இங்கிலாந்து இந்த வேறுபாட்டைத் தாமதமாகவேனும் உணர்ந்துகொண்டது. 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து ஆளுகைச் சட்டம், முதல் ஐந்து பிரிவுகளுக்கும் சுதந்திரமான ஓர் ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்தியது. சொந்த மைதானத்தை விற்கவோ கடனுக்கு ஈடாக வைக்கவோ அந்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும். சின்னத்தையும் உள்ளூர் ஆட்டச் சட்டையின் முதன்மை நிறங்களையும் மாற்ற ரசிகர்களின் பெரும்பான்மை ஆதரவு வேண்டும். இச்சட்டத்துக்கான உடனடித் தூண்டுதல் 2021இன் ஐரோப்பிய சூப்பர் லீக் முயற்சியும், பரி போன்ற சிறு கழகங்களின் வீழ்ச்சியும். எனினும் 2018இன் சின்னத்தையும் 2023இன் ஈடு பற்றிய செய்தியையும் அறிந்தவர்கள், இவ்விரு விதிகளிலும் லீட்ஸின் அனுபவத்தை அடையாளம் காண்பார்கள். சட்டம் உரிமையைப் பறிக்கவில்லை. உரிமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தவற்றை அது பிரித்து அடுக்கியது: விற்கத்தக்கவை ஒரு பக்கம், ஒப்புதலின்றி விற்கத்தகாதவை ஒரு பக்கம்.

இந்தியாவில் இந்தப் பிரிப்பு இன்னும் நிகழவில்லை. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐஎம்ஜி-ரிலையன்ஸுக்கு ஒப்படைத்தது. அந்த ஏற்பாட்டின் மேல்தான் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் எழுந்தது. அதை நடத்திய நிறுவனத்தில் ஒளிபரப்பாளரான ஸ்டாரும் பங்காளி. ஒளிபரப்பாளரே தொடரின் உடைமையாளர்களுள் ஒருவராக இருக்கும் நிலையைப் பற்றி இங்கே பெரிய விவாதம் எதுவும் எழவில்லை. 2025 ஜூலையில், ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்த நிலையில், அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. வீரர்களும் ஊழியர்களும் சம்பளம் வருமா என்று தெரியாமல் காத்திருந்தனர். குத்தகை முடியும் நாள் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட நாள். அதற்குப் பின் தோப்புக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

லீட்ஸுக்கும் சென்னைக்கும் இடையே இப்போது நேரடி உறவு ஒன்றும் பிறந்திருக்கிறது. ஹைதராபாத் ஐபிஎல் அணியை வைத்திருக்கும் சன் தொலைக்காட்சிக் குழுமம், 2025இல் லீட்ஸ் நகரத்தின் ஹண்ட்ரட் கிரிக்கெட் அணியைச் சுமார் 100 மில்லியன் பவுண்டுக்கு முழுமையாக வாங்கியது. சன்ரைசர்ஸ் என்ற பெயர் இப்போது யார்க்ஷயரிலும் ஒலிக்கிறது. சில ஆண்டு வயதுள்ள ஓர் அணியின் பெயரை மாற்றுவதும் 1919 முதல் இருந்துவரும் கழகத்தின் சின்னத்தை மாற்றுவதும் ஒன்றல்ல. யார்க்ஷயர் கவுண்டி கழகம் விற்றது அணியின் பங்கை மட்டுமே, ஹெடிங்லி மைதானத்தை அன்று. அந்த எல்லைக்கோடு தெளிவாக இருந்ததால் இவ்விற்பனை அங்கே கலகமாகவில்லை. ஊடக மூலதனம் இனி தமிழ்நாட்டிலிருந்தும் உலக விளையாட்டுக்குள் பாயும். அதை வியந்து பாராட்டுவதோடும் வெறுத்து ஒதுக்குவதோடும் ஆய்வுலகின் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்திலும் மைதானம் யார் பெயரில் இருக்கிறது, அதை அடகு வைக்க யாருடைய ஒப்புதல் வேண்டும் என்னும் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். 2017இல் எல்லண்ட் ரோடு மீட்கப்பட்ட நாளில் அவ்விரு வரிகளையும் படித்தவர்கள் மிகச் சிலர்.